ஆயாவைக் கேட்டீங்களா?

எங்கள் பக்கத்து ஆயாக்களுக்குச் சாவைப் பற்றிப் பேசுவதில் கூச்சமே கிடையாது. மயிலம், ஒலக்கூர், மரக்காணம், விக்கிரவாண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் இதைப் பார்க்கிறேன். "பொறந்த வூட்டுக் கோடி வந்து சேந்தப்புறந்தான் என்னை எடுக்கணும்" என்று சொல்லி வைத்திருப்பார்கள். எங்கே அடக்கம் செய்வது, முன்னே நின்று காரியம் செய்வது மூத்தவனா இளையவனா, கருமாதி ராத்திரிக்குக் கர்ண மோட்சம் கூத்து விடுவதா வேண்டாமா, செலவை எந்தப் பிள்ளை ஏற்பது என்பதெல்லாம் நாலு பேர் அறியப் பேசி முடித்த விஷயங்கள். மல்லாட்டை விற்ற காசில் ஒரு பகுதியை "இது என் எடுப்புக்கு" என்று தனியே முடிந்து வைத்திருக்கும் ஆயாக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதே ஆயாவுக்குப் பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனால் மூக்கில் குழாய் போடலாமா? மூச்சுத் திணறினால் 108ஐக் கூப்பிட்டு ஐசியுவில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதா? அவருக்கு நினைவு தப்பிவிட்டால் அவர் சார்பில் யார் பேச வேண்டும்? இதை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செத்த பிறகு நடக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருக்கிறது. சாவுக்கு முந்தின ஆறு மாதத்துக்கு ஒரு ஏற்பாடும் இல்லை. என் வேலை அந்த ஆறு மாதத்தில்தான்.

வீடு வீடாகப் போய் நோய் ஆதரவுச் சிகிச்சை தருகிற செவிலியர் நான். அதற்கு முன்பு சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் இருந்தேன். அங்கே என் பொறுப்பில் இருந்த எண்பது வயதுப் பெரியவர்கள் எத்தனையோ பேர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகளின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் போய்விட்டார்கள். பார்வையாளர் நேரம் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். மிச்ச நேரமெல்லாம் இயந்திரங்களின் சத்தமும் எங்கள் காலடிச் சத்தமும். அவர்களில் பலர் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பேச்சைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிடும். அதுதான் என்னைச் சொந்த மண்ணுக்குத் திருப்பி அனுப்பியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்த் தருவதைத்தான் பலரும் அறிவார்கள். அதன் இன்னொரு பாதி, படுக்கையில் கிடப்பவர்களுக்கான நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும். வட்டாரத்துக்கு ஒரு செவிலியர், ஒரு இயன்முறை மருத்துவர், ஒரு வண்டி. ஊருக்குள் கண்ணும் காதுமாக இருப்பவர்கள் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். "சிஸ்டர், கோயில் தெருவுல ஒரு தாத்தா பத்து நாளா எழுந்துக்கல" என்று முதலில் போன் செய்வது அவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் வண்டிக்கு வழி தெரியாது.

புற்றுநோய் என்றால்தான் இந்தச் சிகிச்சை என்று நினைக்கிறவர்கள் நிறைய. நான் பார்க்கிற வீடுகளில் பக்கவாதம், மறதி நோய், இதயம் வீங்கிப் போனவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், பீடி குடித்து நுரையீரல் போனவர்கள், இடுப்பு எலும்பு முறிந்து அப்படியே படுத்துவிட்டவர்கள் என்று எல்லாரும் உண்டு. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போதே பத்துப் பேரில் ஒருவருக்கு அறுபது வயதுக்கு மேல். பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, கிழவனைக் கிழவி பார்த்துக்கொள்கிற வீடுகள் தெருவுக்கு நாலைந்து தேறும். உலகத்தில் இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மிச்சம் 86 சதவீதம் எப்படி இருப்பார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

அந்தக் கடைசி ஆறு மாதத்தைப் பற்றிய பேச்சைத் தொடங்கும் முன் வலியை அடக்கியாக வேண்டும். வலியில் துடிக்கிறவரிடம் "உங்க விருப்பம் இன்னா?" என்று கேட்டால் "என்னைக் கொன்னுடு" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அது அவர் விருப்பம் இல்லை. அது வலியின் விருப்பம்.

மரக்காணத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு வீடு. வாய்ப்புற்று முற்றிய தாத்தா. நாற்பது வருஷம் இடது கன்னத்தில் அடக்கிய புகையிலை. கன்னம் உடைந்து புண் வெளியே வந்திருந்தது. வாடைக்குப் பயந்து பேரப்பிள்ளைகளை உள்ளே விடவில்லை. அவரே தன் கட்டிலை மாட்டுக் கொட்டகை ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தார். பத்துக்கு எத்தனை மதிப்பெண் வலி என்று கேட்டால் இந்த வயதுக்காரர்களுக்குப் பிடிபடாது. "தாத்தா, முழு வலி ஒரு ரூபான்னு வெச்சுக்குங்க. இப்ப எத்தினி அணா?" என்று கேட்டேன். யோசிக்காமல் "பதினாலணா" என்றார். ராத்திரியில்? "ராத்திரிக்கு ரூபாயே."

புண்ணுக்கு வேண்டியது பெரிய மருந்து இல்லை. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறவைத்த நீரில் கழுவ வேண்டும். மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துப் புண்ணின்மேல் தூவி, ஈரத்துணி வைத்து மூட வேண்டும். மாத்திரை விலை சில ரூபாய்தான். காற்றில்லாமல் வளரும் கிருமிகள்தான் அந்த வாடையை உண்டாக்குகின்றன. இந்த மருந்து அவற்றை ஒழிக்கிறது. சில நாளில் வாடை அடங்கியது. கட்டில் மறுபடி திண்ணைக்கு வந்தது. மருமகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேரனைத் தூக்கி வந்து தாத்தா பக்கத்தில் உட்கார வைத்தார்.

வலிக்கு மார்பின். இந்தப் பெயரைக் கேட்டாலே வீட்டில் கலவரம். "அது கடைசில குடுக்கறதாச்சே, சிஸ்டரு. அதைக் குடுத்தா மனுஷன் போயிடுவாரே." போகமாட்டார். சின்ன அளவில் தொடங்கி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுத்து, வலி அடங்கும்வரை மெதுவாகக் கூட்ட வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பது முறையல்ல. வரும் முன்பே கொடுக்க வேண்டும். மார்பின் தொடங்கிய அன்றே மலச்சிக்கலுக்கும் மருந்து தொடங்க வேண்டும். அதை மறந்தால் புற்றுநோய் வலியைவிட அந்த அவதி பெரிதாகிவிடும். முதல் ஓரிரு நாள் தூக்கமாக இருக்கும். பலரும் அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தூக்கம் பெரும்பாலும் பல நாள் பாக்கி.

உலகத்துக்கே மருந்துக்கான அபினி விளைவிக்கிற நாடு நம்முடையது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபினித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனாலும் 1985இல் வந்த போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியில், மருந்துக்கான மார்பினும் மருத்துவமனை அலமாரிகளிலிருந்து காணாமல் போனது. ஒரே மருந்துக்குப் பல உரிமங்கள், மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி. அந்தச் சட்டத்தை 2014இல் திருத்தினார்கள். மார்பின், பென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் வைத்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்திருக்கலாம் என்றாக்கினார்கள். சட்டம் மாறிவிட்டது. பழைய பயம் மட்டும் மாறவில்லை. பத்து மாத்திரை அட்டைக்காகப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிப் போய், அன்றைய கூலியை இழந்து திரும்புகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வட்டார அளவிலேயே ஒரு மருத்துவமனையில் பயிற்சி பெற்ற மருத்துவரும் பூட்டுப் போட்ட அலமாரியில் மார்பினும் இருந்தால் இந்த அலைச்சல் நின்றுவிடும். இதற்குப் பெரிய கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை.

தாத்தாவின் வலி நாலணாவுக்கு இறங்கிய பிறகுதான் அவர் தானாகவே பேச ஆரம்பித்தார். மாட்டை விற்க வேண்டாம் என்றார். பெரிய பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். "இனிமே மெட்ராசுக்கு இட்டுகினு போவாதீங்க. போதும்" என்றார். மகன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பேசவிட்டேன்.

இந்தப் பேச்சுக்கு நல்ல நேரம் ஒன்று உண்டு. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது அல்ல. முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, கொஞ்சம் தேறி, திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற நாள்தான் அது. மறதி நோய் உள்ளவர்களுக்கு இன்னும் முன்னால். பேரப்பிள்ளை பெயர் நினைவிருக்கும்போதே. "இந்த நோயாளி இன்னும் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனால் உனக்கு ஆச்சரியமாக இருக்குமா?" என்று மருத்துவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் முறை ஒன்று பல நாடுகளில் உண்டு. இருக்காது என்று மனதுக்குப் பட்டால், பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். நான் என் பதிவேட்டில் அப்படிப்பட்ட பெயர்களுக்கு எதிரே ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன்.

தடை பெரும்பாலும் வீட்டார் பக்கத்திலிருந்து வரும். வாசலிலேயே மடக்கி, "அவங்ககிட்ட எதுவும் சொல்லிடாதீங்க சிஸ்டரு, தெரிஞ்சா மனசு உட்டுடுவாங்க" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். அவர்களைக் கண்டிப்பதில்லை. "நானா எதுவும் சொல்லமாட்டன். ஆனா ஆயா கேட்டா பொய் சொல்லவும் மாட்டன்" என்பேன். இதற்கு ஒப்புக்கொள்ளாத குடும்பம் குறைவு. உள்ளே போனால் ஆயாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். பிள்ளைகள் மனது கஷ்டப்படுமே என்று அவர் அவர்களிடம் மறைத்துக்கொண்டிருப்பார்.

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு ஆயா. எண்பதைத் தாண்டியவர். இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு முட்டி, ஒரே வருஷத்தில் பலமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர். நான் போனபோது முறத்தில் கேழ்வரகைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிரஷர் பார்த்துவிட்டு, மருமகளையும் உட்காரச் சொல்லிவிட்டு, "ஆயா, போன தடவ ஆஸ்பத்திரில இருந்தப்ப எதுனா ரொம்பக் கஷ்டமா இருந்துதா?" என்று கேட்டேன். விருப்பம், முடிவு, எதிர்காலம் என்று நேராகப் போய்விடக் கூடாது. நடந்ததிலிருந்து தொடங்கினால் பேச்சு வரும்.

ஆயா கேழ்வரகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கையக் கட்டிட்டாங்க, நர்சம்மா."

மருமகள் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஐசியுவில் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டியிருக்கிறார்கள். எங்கெங்கும் நடப்பதுதான், நான் வேலை பார்த்த இடத்திலும் நடந்ததுதான். "தண்ணி தாகம். மூக்குல அரிப்பு. சொரியக் கையில்ல. யாரக் கூப்புடறது?"

"மறுபடி மூச்சு முட்டினா இன்னா பண்ணலாம் ஆயா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஊசி போட்டு மூச்ச எறக்கட்டும். அதுக்குப் போறன். கையக் கட்டாத எடமா பாத்து இட்டுகினு போவச் சொல்லு. மெசினு வேணாம். இவ எங்கூட இருக்கணும்." 'இவ' என்றது கல்லூரி படிக்கிற பேத்தியை.

இந்த ஐந்து வாக்கியங்களில் ஒரு மருத்துவக் குழுவுக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது. சிகிச்சை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நரம்பு வழி நீர் இறக்கும் மருந்து வேண்டும், வார்டில் இருக்கச் சம்மதம், வென்டிலேட்டர் வேண்டாம், கட்டக் கூடாது, துணைக்கு யார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். வேண்டும் வேண்டாம் என்று இரண்டே பெட்டி போட்ட படிவத்தில் இது எதுவும் அடங்காது. அதனால்தான் நான் முதலில் பேச்சை வெள்ளைத் தாளில் அவர்கள் சொன்ன மொழியிலேயே எழுதிக்கொள்கிறேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டம் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. நினைவோடு இருப்பவர் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம். நினைவு தப்பிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். ஊசி போட்டு உயிரைப் போக்குவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். முதலில் வந்த விதிப்படி அந்த ஆவணத்தில் நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டும். அது நடக்கிற காரியமாக இல்லை. 2023 ஜனவரி 24ஆம் தேதி அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். தன் சார்பில் முடிவெடுக்க நம்பிக்கையான ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் பெயர் குறிப்பிடலாம். ஒரு பிரதி அவர்களிடம், ஒன்று குடும்ப மருத்துவரிடம், ஒன்று உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் அலுவலரிடம் போக வேண்டும். மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து, கூடுமானவரை தலா 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதற்கென்று சுற்றறிக்கையே வெளியிட்டது.

விதி எளிதானாலும், மயிலம் பக்கத்து ஆயாவுக்கு நோட்டரி என்றால் திண்டிவனம் கோர்ட் வாசல். அங்கே போக ஆட்டோ, பீஸ், ஒரு நாள் அலைச்சல். இறங்கி நடக்க முடியாதவருக்கு அதுவும் இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் மாதம் ஒருநாள், முதியோர் உதவித்தொகை பற்றி விசாரிக்க வருகிற கூட்டத்தோடு, ஒரு கெசட்டட் அதிகாரி உட்கார்ந்து இந்தத் தாள்களில் கையெழுத்திட்டால் என்ன? படிவம் நல்ல தமிழில், பெரிய எழுத்தில், ஆயா பேசுகிற விதமாக இருக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அந்த அதிகாரி வீட்டுக்கே வர வேண்டும். மாத்திரை வீட்டுக்கு வருகிற மாநிலத்தில் கையெழுத்து வரக் கூடாதா?

தாள் கைக்கு வரும்வரை நான் நம்புவது நாலு பேர் அறியச் சொல்கிற வழக்கத்தை. பாகப்பிரிவினையை அப்படித்தான் பேசி முடிக்கிறோம், எடுப்புச் செலவையும் அப்படித்தான். ஆயாவின் தம்பி, மூத்த மருமகள், பக்கத்து வீட்டுப் பெரியவர், எங்கள் தன்னார்வலர் எல்லாரும் இருக்கும்போது ஆயா தன் வாயால் சொல்ல வேண்டும். சட்டத்தின் கண்ணில் அது முழுமையில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முடிவெடுக்க வேண்டிய மகனுக்கு அதுதான் துணை நிற்கும். "அம்மாவே சொல்லிச்சி" என்று அவனால் உறவுக்காரர்கள் முன்னால் நிமிர்ந்து சொல்ல முடியும்.

ஏனென்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். "சோறு தண்ணி குடுக்காம கொல்லப் பாக்கறீங்களா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்களை வீட்டாரே முடித்துவிடுவதைப் பற்றி 2010 வாக்கில் செய்திகள் வந்தபோது நாடே அதிர்ந்தது. அங்கே முடிவெடுத்தவர்கள் மற்றவர்கள். பெரியவரை யாரும் கேட்கவில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரை அது நினைவுகூர்கிறது. அது துறவியின் வழி. எங்கள் சிகிச்சைக்கு அதோடு சம்பந்தமில்லை. நாங்கள் யாரையும் பட்டினி போடுவதில்லை. ஆனாலும் அந்தக் கல்லைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று படும். தன் கடைசி நாட்களை எப்படிக் கழிப்பது என்று அந்த மனிதர் தானே தீர்மானித்தார். ஊர் அதை மதித்துக் கல்லில் வெட்டி வைத்தது.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மறதி நோய் முற்றியவர்களுக்கு விழுங்குவது மறந்துபோகும். உடனே மூக்குக் குழாய் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கட்டத்தில் குழாய் வழியாக ஊட்டுவது ஆயுளைக் கூட்டுவதில்லை, புரையேறி நுரையீரலில் சளி கட்டுவதையும் தடுப்பதில்லை என்பது பல நாட்டு முதியோர் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியான கூழையோ குழைந்த சோற்றையோ சின்னக் கரண்டியில், அவர் கேட்கிற அளவுக்கு, கேட்கிற நேரத்தில் ஊட்டுவது போதும். நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் ஒரு மகள் தன் அம்மா பக்கத்தில் உட்காருகிறாள்.

கடைசி நாட்களில் "ஒரு பாட்டிலாவது ஏத்துங்க சிஸ்டரு" என்று கெஞ்சுவார்கள். ஏற்றாமல் விட்டால் கைவிட்டதாக ஊர் பேசும் என்ற பயம். உடம்பு அடங்கும் நேரத்தில் ஏற்றுகிற தண்ணீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சைத்தான் திணறடிக்கும். இதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டால் போதாது. அவர்கள் கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். ஈரத்துணியால் உதட்டை நனைக்கச் சொல்வேன். உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் பஞ்சைத் தோய்த்து நாக்கைத் துடைக்கச் சொல்வேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, முழங்காலுக்கு நடுவே மடித்த பழம்புடவையை வைக்கச் சொல்வேன்.

அதோடு என்ன நடக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுவேன். கை கால் சில்லிடும். தூக்கம் கூடும். மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் சளி கரகரக்கும். கேட்கிறவர்களுக்கு அது கொடுமையாக இருக்கும், ஆனால் நினைவு அடங்கியவருக்கு அதனால் வலியில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு ஊசி போட்டால் பெரும்பாலும் குறையும். இதை முன்பே சொல்லாத வீடுகளில்தான் அந்த நேரத்துக்கு 108 வருகிறது. குண்டும் குழியுமான சாலையில் போகும் வழியிலேயே உயிர் போகிறது.

சில வீடுகளில் "ஏதோ ஆசை இழுத்துப் பிடிக்குது" என்று சொல்லி, வீட்டு மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். நகையை உரசிய தண்ணீர் கொடுப்பார்கள். சொந்தபந்தம் வரிசையாக வந்து ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றுவார்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றுகிற பால் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். ஊற்றாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. அது அவர்கள் விடைகொடுக்கிற முறை. "பால்ல வெரல நனைச்சு ஒதட்டுல வையுங்க, ஆயாவுக்கு அது போதும்" என்பேன். ஒருவர்கூட மறுத்ததில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலம் பக்கம் கொட்டிய மழையை எங்களில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே இரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓட, இரயில்கள் நின்றன. எங்கள் வண்டியும் நின்றது. வலி மாத்திரை தீர்ந்துபோனால், காற்றுப் படுக்கைக்குக் கரண்ட் இல்லாவிட்டால், சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று முன்பே எழுதிக்கொடுத்திருந்த வீடுகள் அந்த நாட்களைச் சமாளித்தன. ஒரு தன்னார்வலர் மாத்திரை டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போனார். இப்போது புரட்டாசி பிறந்ததும் மழைக்காலக் கையிருப்பை எல்லா வீட்டிலும் சரிபார்க்கிறோம்.

கேரளத்தை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள், காட்டலாம். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். இராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய சங்கம் ஊர் ஊராகத் தன்னார்வலர்களைச் சேர்த்தது. 2008இல் அந்த மாநிலம் இதற்கென்று கொள்கையே வகுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாரம் சில மணி நேரம் வந்து உட்காருகிறார் என்பதுதான் அங்கே பலம். நம்மிடம் அரசின் வண்டி இருக்கிறது, சம்பளம் வாங்குகிற செவிலியர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரை இன்னும் உள்ளே கொண்டுவரவில்லை. எங்கள் ஊர்களில் சாவு விழுந்தால் தெருவே அடுப்பு மூட்டாது, எல்லாரும் வந்து நிற்பார்கள். அந்த வருகையில் பாதி, ஆயா உயிரோடு இருக்கும்போது கிடைத்தால் போதும். தனியாக ஆறு மாதம் பார்த்துக்கொண்ட மருமகள் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள்.

கேழ்வரகு பொறுக்கிய ஆயாவின் வீட்டில் சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. மூத்த மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. அம்மாவின் கடைசி ஐசியு பில்லைக் கட்டியது அவர்தான். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப முடிந்தது பணம் ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்றால் அவர் எதைச் செய்வார்? கடைசி நேரத்தில் வந்திறங்கி, "எவ்ளோ ஆனாலும் பரவால்ல, சென்னைக்குக் கொண்டுபோங்க" என்று எல்லாவற்றையும் தலைகீழாக்குகிற மகன்களும் மகள்களும் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பேச்சு நடந்தபோது அவர்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அதனால் இரண்டாவது முறை உட்கார்ந்தபோது, அவருக்கு வேலை முடிகிற நேரம் பார்த்துப் பேத்தியை வீடியோ கால் போடச் சொன்னேன். ஆயா போனைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டியதை முதலில் சொன்னார். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. "நீ ஏம்மா அப்பவே சொல்லல?" என்றார் மகன். பிறகு ஆயா மெஷின் வேண்டாம் என்றதையும் பேத்தி கூட இருக்க வேண்டும் என்றதையும் சொன்னார். மகன் வாதாடினார். ஒரு தடவையாவது முயற்சி செய்து பார்க்கலாமே என்றார். அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் தாளில் எழுதியதைப் படிக்கச் சொன்னார். பேத்தி படித்தாள். "தம்பிகிட்ட ஒரு காப்பி, மாமாகிட்ட ஒண்ணு குடுங்க சிஸ்டர். எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்புங்க" என்றார். பிறகு, ஊசி போடுகிற அளவுக்கு என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, கூட ஆள் இருக்க விடுவார்களா, அதை முன்பே போய்க் கேட்டுவைக்க முடியுமா என்று கேட்டார்.

மறுநாள் திண்டிவனம் போய் நானும் பேத்தியும் கேட்டுவைத்தோம்.